கோணேசபுரியா, வந்தாறுமூலையா, கடல் கடந்தா? திருகோணமலைப் பிள்ளைக்குப் பொருந்தும் வளாகம் எது?

உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி தெரிந்ததும் வீட்டில் முதலில் எழும் கேள்வி "எந்தக் கம்பஸ் கிடைக்கும்?" என்பதுதான். "எந்தக் கம்பஸ் இந்தப் பிள்ளைக்குச் சரிவரும்?" என்ற கேள்வி பல வீடுகளில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. எங்கள் நாட்டு முறையில் அது பிந்திய கேள்வி. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் பாடநெறியையும் பல்கலைக்கழகத்தையும் சேர்த்துக் குறிக்கும் யுனி கோட் இலக்கங்களை விருப்ப ஒழுங்கில் நிரப்ப வேண்டும். உங்கள் புள்ளி எட்டுகிற தெரிவுகளில் மிக மேலே எழுதியது எதுவோ அதுவே கிடைக்கும். அதற்குக் கீழே எழுதியவை எல்லாம் கழிந்துவிடும். பிள்ளை நான்கு வருடம் எங்கே தூங்கும், எதைச் சாப்பிடும், யாரோடு பழகும் என்பது அந்த ஒழுங்கில்தான் முடிவாகிறது.

இந்த ஒப்பீடு திருகோணமலையிலிருந்து புறப்படுகிற, குளிர் ஒத்துவராத, அல்லது ஊர்க் காலநிலையை விட்டுப் போக விரும்பாத பிள்ளைக்கானது. தன் நம்பிக்கையையும் பழக்கத்தையும் விட்டுக்கொடுக்காமல் படிக்க வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைக்கானது. பேராதனையும் பதுளையும் நல்ல இடங்கள். ஆனால் பேராதனை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரம், பதுளை அதற்கும் மேலே. பீனிசமும் இழுப்பும் உள்ள கடற்கரைப் பிள்ளைகள் சிலருக்கு அங்கே மார்கழியும் தையும் பெரும்பாடு. அவற்றை இங்கே ஒதுக்கிவைத்து, வெப்பப் பகுதியில் உள்ள ஐந்து வழிகளைப் பார்ப்போம்: நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகம், மட்டக்களப்பில் வந்தாறுமூலையும் கல்லடியும், ஒலுவில், யாழ்ப்பாணமும் வன்னியில் உள்ள வளாகங்களும், கடைசியாகத் தமிழ்நாடு.

புள்ளிக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாவட்ட ஒதுக்கீடு உள்ள பாடநெறிகளில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் போகிறது. அந்த 16 மாவட்டங்களில் திருகோணமலையும் ஒன்று. எனவே கொழும்பில் இருக்கும் மச்சானுக்கு எந்தப் புள்ளியில் என்ன கிடைத்தது என்பது உங்களுக்கு உதவாது. கடந்த இரண்டு மூன்று வருட வெட்டுப்புள்ளிப் பட்டியல்களை எடுத்து, திருகோணமலை என்ற நிரலை மட்டும் பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள்.

விழுமியத்தை நேர அட்டவணையில் தேடுங்கள்

எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் மகுட வாசகம் உண்டு. அறிவு, ஒழுக்கம், சேவை என்று எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே சொற்கள்தான் எழுதியிருக்கும். அவற்றை வைத்து ஒரு இடத்தையும் இன்னொரு இடத்தையும் பிரித்தறிய முடியாது. அதற்குப் பதிலாக, அங்கே படிக்கும் பிள்ளை ஒன்றிடம் ஒரு சாதாரண புதன்கிழமையையும் ஒரு வெள்ளிக்கிழமையையும் காலை எழும்பியது முதல் படுக்கப் போகும் வரை சொல்லச் சொல்லுங்கள். முதல் விரிவுரை எத்தனை மணிக்கு, மத்தியானச் சாப்பாடு எங்கே, பெண்கள் விடுதிக் கதவு எப்போது பூட்டுகிறார்கள், ஆய்வுகூடம் பிந்தினால் திரும்பிப் போக வாகனம் உண்டா என்பதெல்லாம் அந்தப் பேச்சிலேயே வெளியே வரும்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஜும்ஆ என்ற வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம் பெரிய கேள்வி. அதைக் கணக்காகவே பார்க்கலாம். இரண்டு கிரடிட் பாடம் என்றால் 15 வாரத்தில் வழக்கமாக 30 மணித்தியால விரிவுரை. அது வெள்ளிக்கிழமை 11 மணிக்கு வைக்கப்பட்டு, ஒவ்வொரு வாரமும் முக்கால் மணித்தியாலம் முன்னதாக வெளியேற வேண்டி வந்தால், பருவம் முடியும்போது 11 மணித்தியாலத்துக்கு மேல் போய்விடும். வரவு 63 சதவீதத்துக்குக் கிட்ட வந்து நிற்கும். பெரும்பாலான இடங்களில் பரீட்சை எழுத 80 சதவீத வரவு வேண்டும். ஆகவே "தொழுகைக்கு விடுவார்களா?" என்று கேட்பது போதாது. "வெள்ளி 12 முதல் 2 வரை அட்டவணை வெறுமையாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் காக்கும் கிறிஸ்தவப் பிள்ளைகள் சனிக்கிழமைப் பரீட்சை பற்றி அதே மாதிரி, பீடத்தின் உதவிப் பதிவாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். வாய்ப்பேச்சில் "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னவர் பரீட்சை வரும்போது அந்த மேசையில் இருக்கமாட்டார்.

மரக்கறி மட்டும் சாப்பிடும் பிள்ளைக்குக் கன்டீனில் மரக்கறிச் சோறு கிடைக்கிறதா என்பது பாதிக் கேள்விதான். அதே அகப்பையால் மீன்குழம்பும் பருப்பும் பரிமாறுகிறார்களா, விடுதியில் அடுப்பு மூட்ட அனுமதி உண்டா, மின்கேத்தில் வைக்க விடுகிறார்களா என்பது மீதி. பல விடுதிகளில் மின்சாரச் சமையல் சாமான் தடை. அப்படியானால் வெளியே அறை எடுத்துத் தாமே சமைப்பதுதான் வழி, அதற்கான செலவையும் இப்போதே கணக்கில் எடுக்க வேண்டும்.

சேவை மனம் உள்ள பிள்ளை கேட்க வேண்டியது ஒன்று: கிராமத்துக்குப் போவது பாடநெறியின் உள்ளே இருக்கிறதா, வெளியே ஒரு சங்கத்தின் விருப்ப வேலையா? கிரடிட் உள்ள களப்பணி ஒவ்வொரு ஆண்டும் நடக்கும். சங்கத்தின் வேலை அந்த வருடத் தலைவரின் உற்சாகத்தைப் பொறுத்தது.

வெக்கையிலும் வகை உண்டு

திருகோணமலைப் பிள்ளைக்கு வெயில் புதிதில்லை. ஆனால் வீட்டு வெயிலும் விடுதி வெயிலும் ஒன்றல்ல. வைகாசி முதல் ஆவணி வரை வீசும் கச்சான், மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டுக் கிழக்கே இறங்கும்போது காய்ந்து சூடேறிய காற்று. கடற்கரையோரம் பின்னேரம் கடற்காற்று எழும்பினால் கொஞ்சம் ஆறும். கச்சான் பலமாக இருக்கும் நாட்களில் அதுவும் எழும்பாது. கோணேசபுரி, கல்லடி, ஒலுவில் மூன்றும் கடலை ஒட்டியவை. அங்கே வியர்வை காயாத புழுக்கம். வவுனியாப் பம்பைமடுவிலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் கடல் இல்லை. பகல் பொரிக்கும், விடியப்புறம் ஓரளவு குளிரும். யாழ்ப்பாணத்தில் சோளகக் காற்று ஓயாமல் வீசுவதால் வெயில் தெரியாது. தெரியாமலே உடம்பு தண்ணீரை இழந்துவிடும் என்பதுதான் அங்குள்ள தொல்லை.

விடுதியைப் பார்க்கப் போகும்போது காலை ஒன்பது மணிக்குப் போகாதீர்கள். எந்த விடுதியும் அந்நேரம் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். பின்னேரம் மூன்று மணிக்கு மேல்மாடிக்கு ஏறி, கொங்கிறீட் கூரையின் அடிப்பக்கத்தை அண்ணாந்து கையால் தொட்டுப் பாருங்கள். பகல் முழுவதும் அது குடித்த சூட்டை நடுச்சாமம் வரை அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். மின்விசிறி அந்தச் சூட்டுக் காற்றையே சுற்றி அடிக்கும். மேற்குப் பக்கச் சுவரும் அப்படித்தான். இடம் கேட்க வாய்ப்புக் கிடைத்தால் கீழ்த்தளம், கிழக்குப் பக்கம், எதிரெதிரே இரண்டு யன்னல் உள்ள அறை. ஒரு யன்னல் மட்டும் இருந்தால் காற்று உள்ளே வர வழியில்லை, வெளியேறவும் வழியில்லை.

தண்ணீரைச் சோதிக்க ஒரு சவர்க்காரத் துண்டு போதும். நுரை எழும்பாமல் தயிர்போலத் திரிந்தால் அது கடினநீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல் கிணறுகளில் இது வழமை, கேத்திலின் அடியிலும் வெள்ளைப் படை படியும். குளிக்கப் பரவாயில்லை, குடிக்க வடிகட்டிய நீரை ஒழுங்கு செய்ய வேண்டும். நிலாவெளிக் கரையோர மணலில் உள்ள கிணறுகளில் வேறு பிரச்சினை. மழைநீர் கடல்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. கோடையில் மோட்டாரால் அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறிவிடும். ஆடி, ஆவணியில் விடுதிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, தாங்கி எத்தனை நாளுக்குத் தாங்கும் என்று மேற்பார்வையாளரிடம் கேட்பது நியாயமான கேள்விதான்.

மாரிக்கு மட்டக்களப்புப் பக்கம் முன்யோசனை வேண்டும். ஐப்பசி முதல் தை வரை வாடைக்கால மழை. நிலம் தட்டை, வாவியும் வயலும் சுற்றிவர இருக்கின்றன. 2011 ஜனவரி வெள்ளம் அந்த மாவட்டத்தையே முடக்கியது. சான்றிதழ் மூலப்பிரதிகளை விடுதிக்குக் கொண்டுபோகாமல் வீட்டில் வைத்து, உறுதிப்படுத்திய நகல்களை மட்டும் பிளாஸ்டிக் உறையில் கொண்டுபோங்கள். நுளம்பு வலை எடுத்தால் மட்டும் டெங்குக்குப் பாதுகாப்பு இல்லை. அந்த நுளம்பு கடிப்பது பகலில், விடிந்த கையோடும் பொழுதுபடும் முன்னும். விரிவுரைக்குப் போகும்போது முழுக்கை, காலை மூடும் உடுப்பு உதவும்.

வளாகங்கள், ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால்

கோணேசபுரியின் பெரிய பலம் வீடு கிட்ட என்பது. நகரத்திலிருந்து நிலாவெளி வீதியில் பஸ்ஸில் போய் வரலாம். விடுதி வாடகை இல்லை, வீட்டுச் சாப்பாடு, கோணேசர் கோயில் திருவிழாவோ பள்ளிவாசலோ தேவாலயமோ எதுவும் விட்டுப் போகாது. வளாகம் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. கணினி விஞ்ஞானம் உள்ளிட்ட பிரயோக விஞ்ஞானம், முகாமைத்துவம், மொழி மற்றும் தொடர்பாடல் கற்கை, சித்த மருத்துவம் ஆகியவை அங்கே உண்டு. நாட்டில் சித்த மருத்துவப் பட்டம் தரும் அரச நிறுவனங்கள் இரண்டே இரண்டு: ஒன்று இது, மற்றது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கைதடி. இரண்டையும் ஒப்பிடும் பிள்ளை கட்டடத்தைப் பார்க்காமல், எந்த வைத்தியசாலையில் நோயாளரைப் பார்க்கவிடுகிறார்கள், வாரத்தில் எத்தனை நாள், மூலிகைத் தோட்டத்தில் கைவேலை உண்டா என்று கேட்க வேண்டும். சித்த மருத்துவம் நோயாளியைத் தொட்டுப் பழகும் படிப்பு.

கிட்ட இருப்பதில் ஒரு குறையும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. வீட்டிலிருந்து போய்வரும் பிள்ளை நான்கு மணிப் பஸ்ஸைப் பிடிக்க ஓடும். நூலகம், குழுப்படிப்பு, வேற்று ஊர்ப் பிள்ளைகளோடு பழக்கம் எல்லாம் அந்த நான்கு மணிக்குப் பிறகுதான் நடக்கின்றன. மூவினத்தவரும் ஒன்றாகப் படிக்கிற வாய்ப்பு திருகோணமலையில் கிடைக்கும்போது அதை விட்டுவிடுவது நட்டம். வாரத்தில் இரண்டு நாளாவது பின்னேரம் வளாகத்தில் நிற்க வழிசெய்து கொடுத்தால் இந்தக் குறை பாதியாகிவிடும்.

கடலோரப் பிள்ளைகள் பலர் கடல் சார்ந்த படிப்பைக் கேட்கிறார்கள். நிலாவெளிக்கு எதிரே 2003இல் தேசியப் பூங்காவான புறாத்தீவு இருந்தாலும், மீன்பிடி, கடல் விஞ்ஞானத்துக்கென்று தனிப் பீடம் இருப்பது மாத்தறையில், றுகுணுப் பல்கலைக்கழகத்தில். காலநிலை ஒத்துவரும், பாஷையும் தூரமும்தான் யோசிக்க வேண்டியவை. பவளப்பாறையைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் உண்மையில் ஆழமானது என்றால், ஆறு மாதம் சிங்களம் படித்துவிட்டு அங்கே போவது தகும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகமான வந்தாறுமூலை ஏ15 வீதியிலேயே இருக்கிறது. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில் நகரத்துக்கு முன்னரே இறங்கிவிடலாம். 2009இல் திறந்த கிண்ணியாப் பாலமும் அதைத் தொடர்ந்த பாலங்களும் துறைப் படகுகளுக்குக் காத்துநிற்கும் காலத்தை முடித்து வைத்தன. ரயிலை நம்பவேண்டாம், கல்லோயாச் சந்திக்குப் போய் மாறவேண்டும். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமானது இந்த இடம். கலை, வணிகம், விவசாயம், விஞ்ஞானம் இங்கே. தமிழ் மொழி, சமூகம், கிராமம் என்று ஈடுபாடுள்ள பிள்ளைக்கும், மாதம் ஒருமுறையாவது வீட்டுக்கு வந்துபோக வேண்டும் என்று விரும்பும் பிள்ளைக்கும் எங்கள் கணிப்பில் மிகப் பொருத்தமான தூரம் இது.

கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் அதே பல்கலைக்கழகத்தின் கீழ். சங்கீதம், நடனம், நாடகம், கட்புலக்கலை. சுவாமி விபுலாநந்தர் திருகோணமலை இந்துக் கல்லூரியிலும் அதிபராக இருந்தவர், ஆகவே எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அந்தப் பெயர் அந்நியமில்லை. இங்கே ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. அழகியற் பாடநெறிகளுக்கு இசட் புள்ளியோடு உளச்சார்புப் பரீட்சையும் செயன்முறையும் உண்டு. அதற்குப் பல்கலைக்கழகம் தனியாக அறிவித்தல் வெளியிடும், அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் முதல் தெரிவாக எழுதிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்து, இந்த இரண்டாவது விண்ணப்பத்தைத் தவறவிட்டால் அந்தத் தெரிவே செல்லாது.

ஒலுவில் திருகோணமலையிலிருந்து 200 கிலோமீற்றருக்குக் கிட்ட. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த வருடமே பல்கலைக்கழகமானது. இஸ்லாமியக் கற்கைகள், அரபு மொழிப் பீடம் இருப்பது இங்கேதான், பொறியியல் பீடமும் உண்டு. பர்தாவோடு, தொழுகையோடு, நோன்பு மாதத்து ஒழுங்கோடு படிக்க விரும்பும் பெண்பிள்ளைக்குச் சுற்றியுள்ள ஊரே துணையாக இருக்கும். பிரயோக விஞ்ஞானம் சம்மாந்துறையில் நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். "ஒலுவில்" என்று நினைத்து அறை பார்த்துவிட்டுப் பிறகு அலைய வேண்டாம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் வளாகமாகத் தொடங்கியது. திருநெல்வேலியில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த நிலத்தில் நிற்கிறது. வளாகத்துக்குள்ளேயே பரமேஸ்வரன் கோயில். சைவப் பழக்கமுள்ள பிள்ளைக்கு மரக்கறிச் சாப்பாடு மிகச் சுலபமாகக் கிடைக்கும் நகரம் இதுவாகத்தான் இருக்கும், வெள்ளி, செவ்வாயில் சில கடைகளே மரக்கறிக்கு மாறிவிடும். மருத்துவம், சட்டம், கலை எல்லாம் இங்கே. பொறியியலும் விவசாயமும் கிளிநொச்சி அறிவியல் நகரில். இரண்டுக்கும் இடையில் அறுபது கிலோமீற்றருக்கு மேல், வாழ்க்கையும் வேறு. அறிவியல் நகரில் கடை, கோயில், வெளியறை எல்லாம் குறைவு. ஆனால் மண்ணோடும் கமக்காரரோடும் வேலை செய்ய விரும்புகிற பிள்ளைக்கு அந்த வெறுமையே நல்லது. வவுனியா 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம், மன்னார் வீதியில் பம்பைமடுவில். ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்கு யாழ்ப்பாணத்தை விடப் பாதித் தூரமும் இல்லை. முகாமைத்துவமும் தகவல் தொழில்நுட்பமும் படிப்பவர்கள் பெயரைப் பார்த்து இதைக் கீழே தள்ளாதீர்கள்.

கடல் கடந்தால்

தமிழ்நாட்டில் ஒரு கொள்கையை வைத்தே கட்டி எழுப்பிய கல்லூரிகள் பல உண்டு. திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையில் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம். டி. எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய அமைப்பிலிருந்து 1956இல் கிராமிய நிறுவனமும், 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதியும் வந்தன. கிராம வேலையைப் படிப்பின் உள்ளேயே வைத்திருப்பது அதன் அடிப்படை. மதுரையில் பெண்களுக்கென்று 1948இல் தொடங்கிய லேடி டோக் கல்லூரி, தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, திருச்சியில் 1951இல் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரி, கோயம்புத்தூரில் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் என்று நம்பிக்கைக்கும் கொள்கைக்கும் ஏற்றவாறு தெரிவு செய்யலாம். தமிழ்நாட்டின் உட்பகுதிகளில் சித்திரை, வைகாசி வெயில் 40 பாகையைத் தொடும். ஆனால் பெரும்பாலான கல்லூரிகளுக்கு அது விடுமுறைக் காலம்.

பாஷை ஒன்றுதானே என்று நினைத்துப் போகும் பிள்ளை முதல் மாதம் தடுமாறும். பௌதிகவியல் அங்கே இயற்பியல், இரசாயனவியல் அங்கே வேதியியல், உயர்தரம் அங்கே பிளஸ் டூ. இது ஒரு மாதத்தில் சரியாகிவிடும். சரியாகாதவை வேறு. அங்கே கலை, விஞ்ஞானப் பட்டம் பெரும்பாலும் மூன்று வருடம். இங்கே அது பொதுப் பட்டத்தின் நிலையில்தான் வைத்துப் பார்க்கப்படும், நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தின் நிலையில் அல்ல. பல்கலைக்கழக விரிவுரையாளர் ஆகும் கனவுள்ள பிள்ளை இதைத் தெரிந்துகொண்டு போகவேண்டும். பணம் கட்டும் முன் அந்தப் பல்கலைக்கழகத்தை எங்கள் மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். மருத்துவம் என்றால் இலங்கை மருத்துவ சபையிடமும், சித்தம் என்றால் ஆயுர்வேத மருத்துவ சபையிடமும். தரகர் காட்டும் கடிதத்தை நம்பி, பட்டம் முடித்துத் திரும்பிய பிறகு கேட்பவர்களுக்குத்தான் பெரிய இடி விழுகிறது.

செலவுக்கு இந்திய அரசின் புலமைப்பரிசில்கள் உண்டு. நேரு நினைவுப் புலமைப்பரிசில் இளமாணிப் படிப்புகளுக்கு, ராஜீவ் காந்தி புலமைப்பரிசில் பொறியியல், தகவல் தொழில்நுட்பத்துக்கு. நேரு திட்டத்தில் மருத்துவம் அடங்காது. கல்விக் கட்டணமும் மாதாந்தப் படியும் கிடைக்கும். அது கிடைக்காமல் சொந்தச் செலவில் போவதானால் வெளிநாட்டு மாணவர் கட்டணம் ரூபாயிலா டொலரிலா என்று கேட்டு, நாணய மாற்று விகிதம் ஏறினாலும் மூன்று வருடமும் கட்ட முடியுமா என்று பாருங்கள். மாணவர் விசாவில் போய் 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். ஈழத்தமிழ்ப் பிள்ளை என்பதால் தளர்வு கிடைக்கும் என்று எண்ணிப் பிந்துவது தேவையில்லாத வில்லங்கம்.

உள்நாட்டில் தங்கினால் மகாபொலப் புலமைப்பரிசில் உண்டு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது மாதம் 7,500 ரூபாயாகவும், உதவிப்பணம் 6,500 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. இது கோணேசபுரிக்குப் போய்வரும் பிள்ளையின் பஸ்ஸுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் உதவும். யாழ்ப்பாணத்தில் வெளியறை எடுத்து மூன்று வேளை கடையில் சாப்பிடும் பிள்ளைக்கு இது போதாது. பல இடங்களில் விடுதி முதல் வருடத்துக்கும் கடைசி வருடத்துக்கும்தான் நிச்சயம். நடு வருடங்களுக்கு வெளியறை வாடகையைக் கணக்கில் சேர்க்க மறந்துதான் பல குடும்பங்கள் இரண்டாம் வருடத்தில் திணறுகின்றன.

பகிடிவதையைப் பற்றி நேராகக் கேளுங்கள்

மானத்தோடு படிப்பது எந்த விழுமியத்துக்கும் முன்னால் வருவது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை சிறை. பாலியல் தொந்தரவோ பாரிய காயமோ சேர்ந்தால் பத்து வருடம் வரை போகலாம். சட்டம் நாடெங்கும் ஒன்று, நடைமுறை பீடத்துக்குப் பீடம் வேறுபடும். ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு பீடம் அமைதியாகவும் இன்னொன்று கொடுமையாகவும் இருக்கலாம். எனவே "அந்தக் கம்பஸில் ராகிங் உண்டா?" என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. உங்கள் பாடசாலையிலிருந்து அதே பீடத்துக்குப் போய் இப்போது இரண்டாம் வருடத்தில் இருக்கும் பிள்ளையைத் தேடிப் பிடியுங்கள். அதற்கு நினைவு இன்னும் ஆறவில்லை, உண்மையைச் சொல்லும். முதலாம் வருட விடுதி தனிக் கட்டடமா, விடுதிக்கும் விரிவுரை மண்டபத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் தனியே நடக்க வேண்டும், உடுப்புக்கும் கன்டீனுக்கும் சிரேஷ்ட மாணவர் சட்டம் போடுகிறார்களா, மறுத்த பிள்ளையை ஒதுக்கிவைத்தார்களா, மாணவர் ஆலோசகர் தொலைபேசியை எடுப்பாரா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். முறைப்பாட்டை வளாகத்துக்குள் மட்டுமல்ல, நேரே மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் இணையவழியில் அனுப்பலாம் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். இவ்வளவையும் கேட்டுப் பதில் ஒன்றுக்கு மேற்பட்டது மனத்தை உறுத்தினால், புள்ளி எட்டினாலும் அந்தத் தெரிவைக் கீழே இறக்குவோம் என்பதுதான் எங்கள் நிலைப்பாடு.

தாளை நிரப்பும்போது

முதலில் ஒரு வெள்ளைத் தாளில், விட்டுக்கொடுக்கவே முடியாதது என்று மூன்றை மட்டும் பிள்ளை எழுதட்டும். தாய்தகப்பன் தனியாக இன்னொரு தாளில் மூன்று எழுதட்டும். இரண்டையும் அதன் பிறகு ஒன்றாக வையுங்கள். பத்து எழுதினால் எதையும் தெரிவு செய்ய முடியாது.

உயிரியல் பிரிவில் படித்த, சித்தத்தில் விருப்பமும் வீட்டில் நோயாளித் தாயும் உள்ள பிள்ளைக்குக் கோணேசபுரி சித்தம் மேலே, கைதடி அடுத்து. பெயருக்காக மேலே வேறொன்றை எழுதினால் அது கிடைத்துவிடும் என்பதை மறக்கவேண்டாம். மூதூரிலிருந்து பொறியியலுக்குப் போகும் பிள்ளைக்குத் தொழுகை ஒழுங்கு முதலாவது என்றால் ஒலுவில் மேலே, அறிவியல் நகர் அடுத்து. கிராம வேலையில் மனம் உள்ள, கலைப்பிரிவில் படித்த பிள்ளை காந்திகிராமத்துக்குப் புலமைப்பரிசில் விண்ணப்பமும் வந்தாறுமூலைக்கு யுனி கோட்டும் இரண்டையும் ஒரே காலத்தில் போடலாம். ஒன்றுக்காக மற்றதை நிறுத்தத் தேவையில்லை, எது முதலில் உறுதியாகிறதோ அதைப் பார்க்கலாம்.

கிடைத்ததைப் பதிந்துவிட்டு அடுத்த வருடம் மாறுவோம் என்ற கணக்கு ஆபத்தானது. ஒருமுறை பதிந்த பிள்ளை மீண்டும் விண்ணப்பிப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு, ஆணைக்குழுவின் அந்த வருடத்துக் கைநூலில் அந்தப் பகுதியை வரிவரியாக வாசியுங்கள். வெற்றிடம் நிரப்பும்போது உங்கள் பட்டியலில் மேலே உள்ள தெரிவுக்கு ஏற்றப்படலாம், கீழே உள்ளதற்கு இறங்க முடியாது. ஆகவே விண்ணப்பத்தை அனுப்பும் முன் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, "இது மட்டும்தான் கிடைத்தால் போவாயா?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். தயங்கிய வரியை அழித்துவிட்டு அடுத்ததை மேலே ஏற்றுங்கள். இணையத்தில் அனுப்பியதும் அச்சுப்பிரதி இரண்டு எடுத்து ஒன்றை வீட்டிலும் ஒன்றைப் பாடசாலையிலும் வையுங்கள்.